ஷட்டரைக் கடித்துப் பார்த்தவர்

எந்தக் கேமராவைக் கொடுத்தாலும் அவர் முதலில் அதைக் கடிப்பார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். லென்சோடு சேர்ந்த ஷட்டரைத் திருகிக் கழற்றி, பித்தளை விளிம்பை முன்பற்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அதை இயக்குகிற குழாயின் முனையில் இருக்கும் ரப்பர் பந்தை ஒரு அமுக்கு அமுக்குவார். உள்ளே இருக்கிற இரண்டு மெல்லிய இதழ்கள் திறந்து மூடும். அந்த அதிர்வு பல் வழியாக மண்டைக்குள் போகுமாம். காதில் வைத்துக் கேட்டால் ஆகாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்த ஊர்ல காது எதுக்குங்க உதவும்?" என்றார்.

அதுவும் நியாயம்தான். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்சில் கல் இடிக்கிற மில் பகலென்றும் இரவென்றும் பார்ப்பதில்லை. புதிதாக வந்தவன் ஒரு வாரம் தூங்கமாட்டான். பழகிவிட்டால் மில் நின்றால்தான் விழிப்பு வரும். அந்தச் சத்தத்தில் ஷட்டரின் சின்ன 'டிக்'கை எந்தக் காது கேட்கும்? பல்தான் கேட்கும்.

கடித்து முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரே வார்த்தை சொல்வார்: "மூடலை."

அவர் பேர் எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் ஒருவரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிகாரக்காரர் என்றுதான் சொல்வார்கள். சென்னையில் ஒரு கடிகாரக் கடையில் இருந்தவர் என்று கேள்வி. அங்கிருந்து இந்தச் சுரங்க ஊருக்கு ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் வாயைத் திறந்திருக்கமாட்டார். என் போட்டோக் கடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை எடுத்துக்கொண்டார். தையல் மிஷின், கடிகாரம், ஆர்மோனியம் எல்லாம் பார்ப்பார். சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருப்பார். எப்போதும் ஒரு கை அந்தக் கடைசிப் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கும்.

கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பத்தடி போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி போவார், மறுபடி வருவார். என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் குழம்புச் சட்டியின் மூடி சரிந்திருக்கிறதென்று பரிமாறுகிறவளை நிறுத்திவிட்டு எழுந்து போய்ச் சரிசெய்வார். என் மனைவிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "மனுஷனா, தாழ்ப்பாளா?" என்பாள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ஷட்டர் விஷயத்தில் அவரை விட்டால் எனக்கு ஆள் கிடையாது, அதனால் பொறுத்துக்கொண்டேன்.

இங்கே ஷட்டர் கெடுவதற்குக் காரணம் தேடிப் போகவேண்டியதில்லை. தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டுகிற சயனைடு மேட்டிலிருந்து காற்று அடித்தால் மாவு மாதிரி மண் வரும். எவ்வளவு மூடி வைத்தாலும் உள்ளே போய் இதழ்களுக்கு நடுவில் உட்காரும். வெயிலில் ரப்பர்க் குழாய் வெடிக்கும். மழைக்காலத்தில் இதழில் துரு பூக்கும். இது போதாதென்று என்னைப்போன்ற புத்திசாலிகள் வேறு இருக்கிறோம். ஒருமுறை ஷட்டர் இழுக்கிறதே என்று நான் நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். கொண்டுபோய்க் கொடுத்ததும் கடித்தார், முகத்தைச் சுளித்தார், துப்பினார்.

"இன்னா போட்டோக்காரரே, கேமராவுக்கு வயிறு சரியில்லைன்னு விளக்கெண்ணெய் குடுத்தீங்களா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெட்ரோலில் இதழ்களைக் கழுவி, பட்டுத் துணியில் துடைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டினார். அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் பந்து, அப்புறம் குழாய், அப்புறம் காற்று அடைக்கிற சின்னக் குழல், கடைசியாகத்தான் இதழ். "பழுது வெளிய இருந்துதான் உள்ள போகுது. நாமளும் அதே வழியில போனா எங்கியாச்சும் மாட்டும்" என்பார். பழுது கிடைக்காமல் அவர் ஒரு சாமானைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை, அந்த ஒரு கேமராவைத் தவிர.

அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் என் கடைக்குச் சோறு போட்டது உயிரோடு இருந்தவர்கள் அல்ல. சுரங்கத்தில் ஒருவன் செத்தால் வட ஆற்காட்டுப் பக்கம் இருக்கிற அவன் சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வாய் வார்த்தையாகச் சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள். பையன் பட்டணத்தில் எவளையோ கட்டிக்கொண்டு ஆள் அனுப்பியிருக்கிறான் என்பார்கள். அதனால் செத்தவனை உட்காரவைத்து ஒரு படம் எடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கேமராவின் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கடிகாரக்காரரும் கூடவே வருவார். கூலி வேண்டாம் என்பார். எதற்கு வருகிறார் என்று முதலில் புரியவில்லை.

கோரமண்டல் சுரங்கத்துப் பக்கம் ஒரு வீட்டில் புரிந்தது. இறந்த பையனுக்கு ஒரு கண் மூடவில்லை. இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கட்டைவிரலால் அந்த இமையை மெதுவாக இழுத்துவிட்டார். அது திறந்துகொண்டது. மறுபடி இழுத்தார். நான் படமெடுக்கத் தயாராகி நிற்கிறேன், இவர் எழுந்திருக்கிற வழியைக் காணோம். பையனின் அம்மா முதலில் கும்பிட்டாள், அப்புறம் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"விடு சாமி! எம்புள்ள எப்பிடி கீறானோ அப்பிடியே கீறட்டும்!"

"மூடலைம்மா," என்றார் இவர். "அவனுக்கு இன்னும் தெரியுது."

வரும் வழியில் அவரைக் கண்டபடி திட்டினேன். அவர் பொத்தானைத் தடவிக்கொண்டே நடந்தார். அன்றிலிருந்து அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. அதை மறைப்பதற்காகவே கேலி பண்ணுவேன்.

அந்தக் கேமராவுக்கு வருகிறேன். சுருள் பிலிம் போடுகிற மடக்குக் கேமரா. ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் வாங்கினேன். ஒரு படம் எடுத்ததும் சாவியைத் திருகிச் சுருளை நகர்த்தினால் அடுத்த படத்துக்குத் தயார். கண்ணாடித் தகட்டைத் தூக்கிச் சுமக்கிற வேலை இல்லை. ஆயுத பூஜையன்று பாறை துளைக்கிற ஒரு கேங்கு படம் எடுக்க வந்தது. சம்மட்டி, துளைக்கம்பி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முன்னால் பரப்பி, என் கடைச் சுவரோரம் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் மேஸ்திரி, ஓரத்தில் ஏழுமலை. ஏழுமலை நல்ல உயரம், சாதுவான ஆள். பந்தை அமுக்கினேன். மேஸ்திரி ஏதோ வம்பு பேச, நானும் பதில் பேசிவிட்டு, சாவியைச் சற்றுத் தாமதமாகத்தான் திருகினேன்.

படத்தைக் கழுவி அச்செடுத்தபோது எல்லாரும் தெளிவாக இருந்தார்கள். ஏழுமலையும் தெளிவாகத்தான் இருந்தான். ஆனால் அவன் நெஞ்சுக்குள் என் கடைச் சுவர் தெரிந்தது. காரை பெயர்ந்து செங்கல் தெரிகிற இடம், அவன் சட்டையும் உடம்பும் இல்லாத மாதிரி, அப்படியே தெரிந்தது.

அதை நான் கொடுத்திருக்கக்கூடாது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அச்சு வாங்க வந்த மேஸ்திரி என் கையிலிருந்து பிடுங்காத குறையாக எடுத்துப் பார்த்துவிட்டான், நான் என்ன செய்ய? அவன் முகம் மாறிப்போனது.

அந்தக் கேங்கில் ஒரு பழக்கம் உண்டு. கூண்டில் நின்று ஷாப்டு என்கிற சுரங்கக் குழிக்குள் இறங்கும்போது, இருட்டு மூடினதும் ஒருவன் தோளில் அடுத்தவன் கையை வைக்கவேண்டும். எல்லாத் தோளிலும் கை இருந்தால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று கணக்கு. மறுநாள் ஏழுமலை தோளில் கை வைக்க ஒருவனும் முன்வரவில்லை. "கை உள்ள போய்ட்டா இன்னா பண்றது?" என்று ஒருவன் கேட்டானாம். சிரிப்புக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறான். மேஸ்திரி ஏழுமலையைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டான். விஷயம் பரவி, வேறு கேங்கும் அவனைச் சேர்க்கவில்லை. வேலைக்குப் போகாதவனுக்குக் கம்பெனிக் குடிசையில் இடமில்லை. ஊரில் காணி நிலம் கிடையாது. மழை பொய்த்துத்தான் இங்கே வந்தவர்கள். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க எடுத்த படம்தானே? நீங்களே மாத்திக் குடுங்க. எம்புருசன் சாப்பிடறாரு, தூங்கறாரு, கொயந்தைய எடுத்துக் கொஞ்சறாரு. செத்தவர்னு சொன்னா நான் யாருகிட்ட போய் நாயம் கேக்கறது?"

அவளையும் ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு கடிகாரக்காரரிடம் போனேன். அவர் படத்தைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார்.

"படம் எடுத்ததும் நீ மொதல்ல எழுந்துட்டியா?"

"ஆமாங்க. வேலியாண்ட கொயந்தை அழுதுச்சு, போய்ட்டேன்."

"அவ்ளோதான் சமாசாரம். ஷட்டர் மூடலை. ஊசிக்கண்ணு அளவு தொறந்தே கீது. இவன் போனப்புறமும் அது சுவத்தைப் பாத்துக்கினே இருந்துச்சு. மத்தவங்க எழுந்துக்கல, அதனால அவங்க கெட்டியா கீறாங்க."

ஏழுமலை பெரிதாக மூச்சு விட்டான். அவன் பெண்டாட்டி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் நிம்மதி. கடைசியில் ஒரு இதழின் சண்டித்தனம்தான், வேறு ஒன்றுமில்லை. ஆனால் மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் எழுந்தோம்" என்று சாதித்தான். எனக்கோ ஞாபகமில்லை.

"பழுதை எடுத்துட்டா சாட்சி போயிடும். அப்பிடியே வெச்சு, நானே உக்காந்து காட்டறேன்" என்றார் கடிகாரக்காரர்.

கேங்கு முழுக்க வேடிக்கை பார்க்க வந்தது. அதே பெஞ்சு, அதே ஓரம். நான் பந்தை அமுக்கினேன், அவர் எழுந்து போனார், காத்திருந்து சாவியைத் திருகினேன். படம் கழுவி எடுத்துப் பார்த்தால் மனிதர் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கோட்டுப் பொத்தானை எண்ணலாம். கேங்கு ஆட்கள் அச்சைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஏழுமலை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பழுதுகளுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. காட்டு என்றால் காட்டாது. அடுத்து வந்த நாட்களில் கடிகாரக்காரர் அந்த ஷட்டரைப் பிரித்த மாதிரி யாரும் எதையும் பிரித்திருக்கமாட்டார்கள். வெயிலில் வைத்துப் பார்த்தார், ஈரத் துணியில் சுற்றிப் பார்த்தார், மண்ணைத் தூவிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கடித்தார். மண் தூவினபோது இதழ் அடியோடு நின்றதே தவிர, ஊசிக்கண் அளவு திறந்து நிற்கவே இல்லை. கடித்துக் கடித்து ஈறிலிருந்து ரத்தம் வந்தது. 'மூடலை' என்கிற வார்த்தைக்காக நான் ஏங்கினது அந்த ஒரு தடவைதான். அவர் சொல்லவில்லை.

"பழுது கெடைக்கலைன்னா பழுது இல்லைன்னு ஆயிடாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

குடிசையைக் காலி பண்ணச் சொல்லி ஏழுமலைக்கு ஆள் வந்துவிட்டது. அன்று கடிகாரக்காரர் என் கடைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"போட்டோக்காரரே, ஒரு பொய் சொல்லலாமா?"

கடுகளவு தேன்மெழுகை உருட்டி, இதழின் ஓரத்தில் என் கண் எதிரில் ஒட்டினார். இதழ் அதில் முட்டி நிற்கும், முழுக்க மூடாது. ஒரு வாழ்நாள் முழுக்க எதையும் அரைகுறையாக மூட விடாத மனிதர், மூடாமலிருக்க ஒன்றைச் செய்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

கேங்கைத் திரும்பக் கூப்பிட்டோம். அவர் உட்கார்ந்தார், எழுந்தார். கழுவி எடுத்த படத்தில் அவர் நெஞ்சுக்குள் செங்கல் தெரிந்தது, ஏழுமலைக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே. அவர் அச்சைத் தூக்கிப் பிடித்து, நான் கேட்டறியாத ஒரு உரத்த குரலில், "பாருங்கய்யா! நானும் போய்ட்டேன்! யாராச்சும் வந்து கை வெச்சுப் பாருங்க, உள்ள போவுதா?" என்றார். மேஸ்திரி அவர் நெஞ்சில் தட்டினான். தட்டினதும் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தோடு மேஸ்திரி ஏழுமலையிடம் போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "நாளைக்கி முதல் ஷிப்டு. தூங்கிட்டேன்னு சொல்லாத" என்றான். ஏழுமலை பெண்டாட்டி எங்கள் இரண்டு பேர் காலிலும் விழுந்தாள்.

அவர்கள் போனதும் நான் வெற்றிலை மடித்து அவருக்கு நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மெழுகை எடுத்துவிடவேண்டும் என்று ஷட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார். இதழில் மெழுகு இல்லை. கூட்டின் மூலையில் விழுந்து கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அவர் உருட்டினபோது எப்படி உருண்டையாக இருந்ததோ அப்படியே இருந்தது. இதழ் முட்டியிருந்தால் ஒரு தடம் இருக்கவேண்டும். ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் படமெடுக்கிறதற்கு முன்னாலேயே அது உதிர்ந்திருக்கிறது.

திரும்ப மாட்டிக் கடித்தார். பந்தை அமுக்கினார். வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"மூடிச்சு" என்றார். "நல்லா மூடிச்சு, போட்டோக்காரரே."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மேஜையில் கிடந்த அச்சை நான் குப்புறத் திருப்பி வைத்தேன். ரப்பர்க் குழாயாக இருக்கும், சுருளில் வெளிச்சம் பட்டிருக்கும் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏழுமலைகிட்ட சொல்லாதீங்க. அவன் இறங்கிப் போகணும். தெரிஞ்சவன் நான் ஒருத்தன் போதும்" என்றார்.

அப்புறம் அவர் அந்த ஷட்டரைத் தொடவில்லை. கொட்டகையைத் தாழ் போடாமலே போவார், வருவார். சாப்பிட வந்தால் மூடி சரிந்திருப்பதைக் கவனிக்கமாட்டார். வெயிலில் கோட்டுப் பொத்தான்கள் திறந்து கிடக்கும். என் மனைவியே ஒருநாள், "அவருக்கு என்னமோ ஆயிடுச்சு, கேளுங்களேன்" என்றாள். எனக்குக் கேட்கத் தைரியமில்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. படம் எடுத்து அனுப்ப அவருக்கு ஊரில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் நான் எடுத்திருக்கமாட்டேன்.

அந்தக் கேங்குதான் தூக்கிப் போனது. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில், ஷிப்டுக்குச் சங்கு ஊதின பிறகு, ஏழுமலை கடைக்கு வந்தான்.

"ஐயா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா? அன்னிக்கி எல்லாரும் சிரிச்சாங்க. அவரு மட்டும் உள்ளுக்குள்ள சிரிக்கல. அது மிஷின் கோளாறுதானே?"

"மிஷின் கோளாறுதான்டா. அவரே பிரிச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு."

அவன் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். "அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்கு ஓடினான்.

அன்று மாலை ஏறி வந்தான். அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் இறங்கினான், ஏறினான். சுரங்கத்துக்குள் பக்கத்து லெவலில் பாறை வெடித்து ஆட்கள் போனபோதும் அவன் வந்தான். வேலியோரம் அழுத அந்தக் குழந்தைக்கு இங்கேயே கல்யாணம் நடந்தது. படமெடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு கேமரா கொண்டுபோனேன். மாப்பிள்ளை, பெண், சம்பந்திகள், மேஸ்திரி எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு இடம் விட்டு, எல்லாரும் "ஏழுமலை எங்க, ஏழுமலை எங்க" என்று கூப்பிட்டார்கள். அவனைப் படத்தில் சேர்க்காமலிருக்க என்ன சாக்குச் சொல்லலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏழுமலை எனக்குப் பின்னால் நின்றிருந்தான். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. என் காதருகில் குனிந்தான்.

"நான் இங்கியே நிக்கறேன்யா, உங்க பக்கத்துல. பந்தை அமுக்குங்க, புள்ள வெயில்ல நிக்குது."